கையடக்க ஸ்கேனரில் ஆழம் தெரியவில்லையா? சிர்ப், கோலே, பார்க்கர்: எதை எடுப்பது

தரமணியிலும் கிண்டியிலும் கையடக்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேனர் செய்து பார்க்கும் நண்பர்களும், பயோமெடிக்கல் எம்.இ. பிராஜெக்டுக்கு அதையே எடுத்திருக்கும் பிள்ளைகளும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். மேலே எல்லாம் நன்றாகத் தெரிகிறது, பத்து சென்டிமீட்டருக்குக் கீழே போனால் படம் செத்துவிடுகிறது, கோடட் சிக்னல் (குட்டிப் பல்ஸுக்குப் பதில், உள்ளே ஓர் ஒழுங்கோடு நீளமாக அனுப்பும் ஒலி) போட்டால் சரியாகுமா, போட்டால் எந்தக் கோட்? வோல்டேஜைக் கூட்ட வழியில்லை, பேட்டரி தாங்காது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயிற்று ஸ்கேனுக்கு, ஆழத்துக்கு மட்டும், 10 மைக்ரோ விநாடி நீளத்தில் ஒரு சிர்ப், அதாவது கீழ் அதிர்வெண்ணிலிருந்து மேலே வழுக்கிப் போகும் சிக்னல், அனுப்புங்கள். மேலே உள்ள ஐந்து சென்டிமீட்டருக்குப் பழைய குட்டிப் பல்ஸே போதும். மற்ற வழிகளை ஏன் தள்ளினேன், எந்த நிலைமையில் என் முடிவு உங்களுக்குப் பொருந்தாது என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

கோட் பக்கம் போவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும். படம் கெட்டிருப்பது இரைச்சலாலா, புகைமூட்டத்தாலா? திரையில் இரண்டும் சாம்பல் நிறமாகத்தான் தெரியும், ஆனால் மருந்து வேறு வேறு. புரோபை, அதாவது உடம்பில் வைக்கும் ஸ்கேனர் முனையை, ஆடாமல் ஒரே இடத்தில் பிடித்து, படுத்திருப்பவரை மூச்சைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆழத்தில் உள்ள புள்ளிகள் அப்படியே நின்றால் அது திசுவிலிருந்து வரும் எதிரொலி; ஃபிரேமுக்கு ஃபிரேம் சலசலவென்று மாறிக்கொண்டே இருந்தால் அது மின்னணு இரைச்சல். இன்னும் சந்தேகம் என்றால் டிரான்ஸ்மிட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் ஆழத்தில் படம் மாறவில்லை என்றால் இவ்வளவு நேரம் அங்கே தெரிந்தது ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் மட்டும்தான். கோட் ஜெயிப்பது இந்த இரைச்சலை மட்டுமே. வயிற்றுச் சுவரின் கொழுப்பு அடுக்குகளுக்குள் ஒலி முன்னும் பின்னும் மோதித் திரும்புவதால் வரும் புகை, ஒலியின் வேகம் இடத்துக்கு இடம் மாறுவதால் பீம் (ஒலிக்கற்றை) குவியாமல் கலங்குவது, இதெல்லாம் நீங்கள் அனுப்பிய சிக்னலின் எதிரொலிதான். சிக்னலைப் பெருக்கினால் அதுவும் கூடவே பெருகும். அங்கே உதவுவது, அனுப்பியதன் இரட்டை அதிர்வெண்ணில் திரும்பி வருவதை வைத்துப் படம் எடுக்கும் ஹார்மோனிக் இமேஜிங், பல கோணங்களில் எடுத்துச் சேர்க்கும் காம்பவுண்டிங் போன்றவை. இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் ஒரு செமஸ்டர் முழுக்கக் கோட் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, இரைச்சல்தான் என்று உறுதியானால் கணக்குக்கு வருவோம். மென்திசுவில் ஒலி ஒரு சென்டிமீட்டர் போவதற்குள், ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் சுமார் 0.5 டெசிபல் குறையும் (டெசிபல் என்பது சிக்னலின் பலம் எத்தனை மடங்கு கூடியது, குறைந்தது என்று சொல்லும் அளவு). 3.5 மெகாஹெர்ட்ஸில் 15 சென்டிமீட்டர் போய்த் திரும்பினால் 52 டெசிபலுக்குக் கொஞ்சம் மேலே இழப்பு. கொழுப்பு படிந்த கல்லீரலில் இந்த 0.5 என்பது 0.7ஐத் தொடும், தாண்டவும் செய்யும். வழி முழுக்க 0.7 என்று வைத்தால் இழப்பு 73 டெசிபல். அதே மெஷின், அதே ஆழம், ஆள் மாறியதும் 21 டெசிபல் காணோம். வழி முழுக்கக் கல்லீரலே இருக்காது என்பதால் நடைமுறையில் இது கொஞ்சம் குறையும், இருந்தாலும் உதரவிதானத்தை ஒட்டிய பகுதி இருண்டுபோகப் போதுமான இழப்புதான். சென்னையில் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைப் படிக்கிற யாருக்கும் 'ஃபேட்டி லிவர், கிரேடு ஒன்று' என்ற வரி புதிதல்ல, ஆக நாம் ஏதோ அபூர்வமான நோயாளிக்காகப் பேசவில்லை. இதன் மேல், ±80 வோல்ட் கொடுக்க வேண்டிய இடத்தில் உங்கள் சின்ன மெஷின் ±40 வோல்ட்தான் கொடுக்கிறது என்றால் இன்னொரு 6 டெசிபலும் போயிற்று.

இதை மீட்க முதலில் எல்லோருக்கும் தோன்றுவது ஆவரேஜிங். படத்தின் ஒரே ஸ்கேன் கோட்டில் பல முறை பல்ஸ் அனுப்பி, திரும்பி வருவதைக் கூட்டிச் சராசரி எடுப்பது. 16 முறை எடுத்தால் 12 டெசிபல் கிடைக்கும், ஹார்டுவேரில் ஒன்றையும் தொட வேண்டாம். ஆனால் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் வேகத்தில்தான் போகும், அதை யாராலும் அவசரப்படுத்த முடியாது. 15 சென்டிமீட்டர் போய்வர 195 மைக்ரோ விநாடி. 128 கோடுகள் கொண்ட ஒரு ஃபிரேமுக்கு 25 மில்லி விநாடி, அதாவது நொடிக்கு 40 ஃபிரேம். 16 முறை ஆவரேஜ் செய்தால் அது இரண்டரை ஃபிரேமாகிவிடும். புரோபைக் கொஞ்சம் நகர்த்தினாலே படம் இழுபடும். ஃபேன்டத்தில், அதாவது திசு மாதிரி செய்த சோதனைக் கட்டியில், அளவெடுக்க இது அருமையான வழி, மனிதர் மேல் வைக்க உதவாது.

கோட் என்பது இதே ஆற்றலை ஒரே தடவையில் அனுப்பும் வழி. உச்ச வோல்டேஜைக் கூட்டாமல் சிக்னலை நீளமாக்குகிறோம். நீளமாக்கினால் ஆழத்தின் நுணுக்கம் கெட்டுவிடுமே என்பதற்குத்தான் அதற்குள் ஓர் ஒழுங்கை வைத்து, திரும்பி வந்ததை டிஜிட்டல் ஃபில்டரால் மறுபடி குட்டிப் பல்ஸாகச் சுருக்குகிறோம். சிர்ப்பைப் புரிந்துகொள்ள வீணையில் ஒரு ஜாருவை நினைத்துப் பாருங்கள்: கீழ் சுரத்திலிருந்து மேல் சுரத்துக்கு ஒரே இழுப்பில் வழுக்கிப் போகிறது. நாம் 2.25 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 4.75 வரை 10 மைக்ரோ விநாடிக்குள் வழுக்குகிறோம். ஃபில்டர், முதலில் வந்த கீழ் சுரங்களை அதிகமாகத் தாமதிக்கும், கடைசியில் வந்த மேல் சுரங்களைக் குறைவாகத் தாமதிக்கும், ஆக எல்லாச் சுரமும் ஒரே கணத்தில் வந்து சேர்ந்து ஒரு கூர்மையான உச்சமாகும். கிடைக்கும் லாபம், சிக்னலின் நீளத்தை அதன் பட்டை அகலத்தால் பெருக்கினால் வருவது: 10 மைக்ரோ விநாடி, 2.5 மெகாஹெர்ட்ஸ், பெருக்கினால் 25, அதாவது 14 டெசிபல். இது ரேடார் உலகத்தில் 1960க்கு முன்பிருந்தே பழகிய விஷயம். அல்ட்ராசவுண்டுக்கு இது நிகழ்நேரத்தில் சாத்தியம் என்று 1992இல் ஓ'டானல் எழுதினார்; டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மிசாரிடிஸும் யென்சனும் 2005இல் மூன்று பகுதிகளாக எழுதிய கட்டுரைகளை, இந்த வேலையில் இறங்குகிறவர்கள் உட்கார்ந்து முழுக்கப் படித்தே ஆக வேண்டும்.

இப்போது ஒவ்வொன்றாக.

பார்க்கர் கோட் 1953இல் வந்தது. பிளஸ், மைனஸ் என்று அலையின் கட்டம் (ஃபேஸ்) மாறும் பிட்டுகளின் வரிசை, தெரிந்ததிலேயே நீளமானது 13 பிட். லாபம் 11 டெசிபல். மிகச் சாதாரணமான பல்ஸர் சிப்பிலேயே (புரோபுக்கு வோல்டேஜ் பல்ஸ் கொடுக்கும் சிப்) அனுப்பிவிடலாம் என்பதால் மாணவர்கள் முதலில் கை வைப்பது இதில்தான். சிக்கல் சைட்லோப். சுருக்கிய பிறகும் உச்சத்துக்கு முன்னும் பின்னும் 22 டெசிபல் கீழே குட்டிக் குட்டி உச்சங்கள் மிஞ்சும். 22 டெசிபல் என்றால் ரேடாரில் பரவாயில்லை, ஆனால் நாம் திரையில் காட்டுவது 60 டெசிபல் வரையிலான வித்தியாசத்தை. ஒரு பித்தப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பித்தநீர், அது சுத்தக் கறுப்பாகத் தெரிய வேண்டும். அதன் பின்சுவரை ஒட்டிக் குடலில் வாயு இருந்தால் அந்த எதிரொலி பளீரென்று அடிக்கும். பிட்டுக்கு இரண்டு சுற்று என்று வைத்தால் கோட் 7.4 மைக்ரோ விநாடி, அதாவது வாயுவுக்கு முன்னால் 5.7 மில்லிமீட்டர் தூரத்துக்குப் பொய் எதிரொலி பரவும். கறுப்பாக இருக்க வேண்டிய பித்தநீரின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு தெரியும், பார்க்கிற டாக்டருக்கு அது பித்தச் சேறு போலவே இருக்கும். இல்லாத சேற்றுக்காக ஒருவரை இன்னொரு ஸ்கேனுக்கு அனுப்புவது சின்ன விஷயமில்லை. அனுப்பிய கோட்டுக்கே அப்படியே பொருந்தும் மேட்ச்ட் ஃபில்டருக்குப் பதிலாக, சைட்லோப்பைக் குறைக்கவென்றே செதுக்கிய நீளமான மிஸ்மேட்ச்ட் ஃபில்டர் போட்டால் சைட்லோப் 40 டெசிபலுக்குக் கீழே போகும், இரைச்சல் லாபத்தில் இழப்பும் மிகக் குறைவு, அதை மறுக்கவில்லை. ஆனால் ஆழம் போகப் போகத் திசு மேல் அதிர்வெண்களை அதிகமாகத் தின்றுவிடுகிறது, திரும்பி வரும் பார்க்கர் நீங்கள் அனுப்பிய பார்க்கராக இருக்காது, அதற்கென்று செதுக்கிய ஃபில்டர் அங்கே பொருந்தாமல் சைட்லோப் மறுபடி தலைதூக்கும். நமக்கு வேண்டிய இடமோ ஆழம்தான்.

கோலே ஜோடி அழகான கணக்கு. மார்செல் கோலே இதை முதலில் கண்டது அகச்சிவப்பு ஸ்பெக்ட்ரோமீட்டருக்காக. 1961இல் விரிவாக எழுதினார். இரண்டு கோட்கள், ஒன்றின் சைட்லோப்பும் மற்றதன் சைட்லோப்பும் நேர் எதிராக இருக்கும், இரண்டையும் தனித்தனியாக அனுப்பிச் சுருக்கிக் கூட்டினால் சைட்லோப் முழுக்கப் பூஜ்யம். 16 பிட் ஜோடி என்றால் 15 டெசிபல் லாபம், சாதாரண பல்ஸரே போதும். ஃபிரேம் ரேட் பாதியாகும், 40க்குப் பதில் 20, வயிற்றுக்கு அது தாங்கும். ஆனால் முதல் கோட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் 195 மைக்ரோ விநாடி இருக்கிறதே, அதற்குள் திசு நகர்ந்தால்? 3.5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 0.44 மில்லிமீட்டர். மூச்சில் கல்லீரல் நொடிக்கு 2 சென்டிமீட்டர் நகர்கிறது என்று வைத்தால் அந்த இடைவெளியில் 4 மைக்ரான், ஒரு கோட்டின் சைட்லோப்பில் சுமார் ஒன்பதில் ஒரு பங்கு கழிபடாமல் மிஞ்சும், பொறுத்துக்கொள்ளலாம். இதயச் சுவர் நொடிக்கு 10 சென்டிமீட்டர் போகிறது என்றால் 20 மைக்ரான். ஒலி போகும்போதும் வரும்போதும் சேர்த்துக் கட்டம் 30 டிகிரிக்கு மேல் மாறிவிடும், சைட்லோப்பில் பாதிக்கு மேல் அப்படியே தங்கிவிடும். கல்லீரலின் இடது மடல் இதயத்துக்கு நேர் கீழே படுத்திருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. தைராய்டு, மூச்சைப் பிடித்த சிறுநீரகம் போன்றவற்றுக்குக் கோலே மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

சிர்ப்பை நான் தேர்ந்தெடுக்கக் காரணம், அது கெடும்போதும் மெதுவாகக் கெடுகிறது. திசு மேல் அதிர்வெண்களைத் தின்றால் சிர்ப்பின் ஒரு முனை தேய்கிறது, அவ்வளவுதான். மீதி அதே வேகத்தில் வழுக்கிக்கொண்டிருப்பதால் அதே ஃபில்டர் அதைச் சுருக்கிவிடும். உச்சம் கொஞ்சம் அகலமாகும், உயரம் குறையும், பொய் எதிரொலி குபீரென்று கிளம்பாது. சும்மா விட்டால் சிர்ப்பின் சைட்லோப் பார்க்கரை விட மோசம், 13 டெசிபல்தான் கீழே. அதனால் இரண்டு இடத்தில் கை வைக்க வேண்டும்: அனுப்பும்போது சிர்ப்பின் இரு முனைகளையும் மெல்ல ஏற்றி இறக்க வேண்டும், பெறும் பக்கத்து ஃபில்டரில் டால்ஃப்-செபிஷெவ் மாதிரி ஒரு விண்டோ (ஓரங்களை மெல்லத் தேய்க்கும் எடை வரிசை) போட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் 40 டெசிபலுக்குக் கீழே நன்றாகவே போகும், புரோபின் சொந்தப் பட்டை வளைவும் கொஞ்சம் உதவும். விலை: 14 டெசிபல் லாபத்தில் இரண்டு டெசிபல் போகும், ஆழ நுணுக்கமும் கொஞ்சம் குறையும். மிஞ்சும் 12 டெசிபலில் சாதாரணத் திசுவில் இன்னும் 3.4 சென்டிமீட்டர், கொழுப்புக் கல்லீரலில் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் ஆழம் கூடும். 21 டெசிபல் இழப்பை முழுக்க மீட்காது, ஆனால் உதரவிதானத்தின் கோடு தெரிகிறதா இல்லையா என்ற இடத்தில் இரண்டரை சென்டிமீட்டர் பெரிய விஷயம்.

அப்படியானால் 20 மைக்ரோ விநாடி ஏன் கூடாது என்று கேட்பார்கள். நீளத்தை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல், கொழுப்புக் கல்லீரலில் அது சுமார் 6 மில்லிமீட்டர் ஆழம்தான். இழப்பதோ, அனுப்பி முடிக்கும்வரை புரோபால் கேட்க முடியாது என்பதால் வரும் குருட்டுப் பகுதி, 7.7 மில்லிமீட்டராக இருந்தது 15.4 ஆகும். சூடும் இரட்டிக்கும். 10இலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஃபில்டரை எங்கே வைப்பது என்பதில்தான் சின்னக் குழுக்கள் மூச்சு வாங்குகின்றன. பீம்ஃபார்மிங்குக்கு (புரோபின் பல சேனல்களில் வருவதைத் தக்க தாமதத்தோடு கூட்டி ஒரே கோடாக்குவது) முன்னால், ஒவ்வொரு சேனலிலும் சுருக்குவதுதான் முறைப்படி சரி. 40 மெகாஹெர்ட்ஸில் சாம்பிள் எடுத்தால் 10 மைக்ரோ விநாடிக்கு 400 டேப், அதாவது ஒவ்வொரு சாம்பிளுக்கும் 400 பெருக்கல். ஒரு சேனலுக்கு நொடிக்கு 1,600 கோடிப் பெருக்கல், 64 சேனலுக்கு ஒரு லட்சம் கோடியைத் தாண்டும். பேட்டரியில் ஓடும் எஃப்.பி.ஜி.ஏ.வுக்கு (நம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் டிஜிட்டல் சிப்) இது நியாயமில்லை. பீம்ஃபார்மிங் முடிந்து, சிக்னலைப் பேஸ்பேண்டுக்கு, அதாவது பூஜ்யத்தை ஒட்டிய அதிர்வெண்ணுக்கு, இறக்கி, சாம்பிள் வேகத்தை 10 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்த பிறகு ஒரே ஃபில்டர் போட்டால் 100 காம்ப்ளக்ஸ் டேப், நொடிக்கு 100 கோடிக் காம்ப்ளக்ஸ் பெருக்கல். இது சின்ன சிப்பிலேயே நடக்கும். இதில் உள்ள குறை, டைனமிக் ஃபோகஸ். கோட் வந்துகொண்டிருக்கும்போதே பீம்ஃபார்மர் தாமதங்களை மாற்றிக்கொண்டே போவதால் கோட்டின் தொடக்கமும் முடிவும் வேறு வேறு குவியத்தில் விழுந்து உருக்குலையும். மேல்பகுதியில் தாமதங்கள் வேகமாக மாறுவதால் இது கடுமை, ஆழத்தில் அநேகமாகத் தெரியவே தெரியாது. நாம் சிர்ப்பை ஆழத்துக்கு மட்டும்தானே வைத்துக்கொள்கிறோம், அதனால் பின்னால் சுருக்கும் மலிவான வழியே போதும்.

இரண்டு மண்டலமாகப் பிரிக்கச் சொன்னதன் காரணம் இங்கே முழுதாகிறது: குருட்டுப் பகுதியும் ஃபோகஸ் குறையும் இரண்டும் மேல் ஐந்து சென்டிமீட்டரில்தான், அங்கே குட்டிப் பல்ஸுக்கு இரைச்சல் பிரச்சினையே கிடையாது. கூடுதல் செலவு, ஒவ்வொரு ஸ்கேன் கோட்டுக்கும் 65 மைக்ரோ விநாடி. முந்தைய பல்ஸின் எதிரொலி அடங்கக் கொஞ்சம் இடைவெளி விட்டாலும் ஒரு ஸ்கேன் கோடு 310க்குள் முடியும், நொடிக்கு 25 ஃபிரேம். இரண்டு படமும் சேரும் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒன்றை மங்கவிட்டு மற்றதை ஏற்றினால் தையல் தெரியாது.

அனுப்பும் பக்கத்தில் கவனிக்க வேண்டியது நிறைய. மூன்று நிலை அல்லது ஐந்து நிலை பல்ஸர் சிப்பில், பல்ஸின் அகலத்தை மாற்றி மாற்றிச் சிர்ப்பின் முனைகளைத் தேய்க்கலாம், லீனியர் ஆம்ப்ளிஃபயர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் அரை மைக்ரோ விநாடிக்கென்று வைத்த கெபாசிட்டர் 10 மைக்ரோ விநாடி முழுக்கக் கரண்ட் கொடுக்கும்போது வோல்டேஜ் சரியும், சிர்ப்பின் வால் மெலிந்துவிடும்; ஆஸிலோஸ்கோப்பில் பார்த்துவிட்டு அந்தச் சரிந்த வடிவத்துக்கே ஃபில்டரைக் கட்டுங்கள்.

அப்புறம் பாதுகாப்பு. அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் வரம்பு, மெக்கானிக்கல் இன்டெக்ஸ் (உச்ச அழுத்தத்தால் திசு பாதிக்கப்படும் வாய்ப்பைக் காட்டும் எண்) 1.9, நேரச் சராசரி உச்சச் செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 720 மில்லிவாட். உச்ச அழுத்தத்தைத் தொடாததால் முதலாவது அப்படியே இருக்கும். இரண்டாவது, பல்ஸ் அரை மைக்ரோ விநாடியிலிருந்து 10க்குப் போனால் ஏறக்குறைய 20 மடங்காகும். பி-மோடில், அதாவது வழக்கமான கறுப்பு வெள்ளைப் படத்தில், பொதுவாக இதற்கு இடம் இருக்கிறது, ஆனால் 'பொதுவாக' என்று விட்டுவிடாமல் ஹைட்ரோஃபோனில் (தண்ணீருக்குள் ஒலி அழுத்தத்தை அளக்கும் மைக்) அளந்தே தீர வேண்டும். கர்ப்பிணிகளுக்கு என்றால் இந்தக் கோட்டை அணைத்தே வைப்பேன், அங்கே ஆழம் அவ்வளவு பிரச்சினையும் இல்லை. புரோப் முகத்தின் சூடு உடம்பைத் தொடும்போது 43 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது சர்வதேசத் தரநிலை. நம் ஊரில் கத்திரி வெயில் நாளில், ஏ.சி. இல்லாத பள்ளிக்கூட அறையில் முகாம் நடந்தால் அறையே 38 டிகிரியில் இருக்கும், ஏ.சி. லேபில் எடுத்த சூட்டு அளவை நம்பிப் புரோபை அங்கே அனுப்பாதீர்கள், ஒரு வெப்ப சென்சாரைப் புரோபுக்குள்ளேயே வைத்து, சூடு ஏறினால் கோட் தானாக நிற்கும்படி செய்யுங்கள்.

கோடே வேண்டாம், ஃபில்டர் மட்டும் போதும் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆழத்துக்கேற்ப மையத்தைக் கீழே நகர்த்திக்கொண்டே போகும் பேண்ட்பாஸ் ஃபில்டர் கட்டாயம் வேண்டும், கோட் போட்டாலும் போடாவிட்டாலும். செலவில்லாமல் சில டெசிபல் வரும். ஃபிரேம்களை மெல்லச் சேர்க்கும் பெர்சிஸ்டன்ஸும் சரி. ஸ்பெக்கிள், அதாவது படத்தில் தெரியும் புள்ளி மணல் போன்ற அமைப்பு, குறைக்கும் ஃபில்டர்கள் படத்தை வழவழப்பாக்கும், ஆனால் இரைச்சலுக்குள் மூழ்கிய எதிரொலியை அவற்றால் மீட்க முடியாது, மங்கலான சின்னக் கட்டியைச் சேர்த்தே அழித்துவிடவும் கூடும்.

உங்கள் பல்ஸர் பிளஸ், மைனஸ் இரண்டு நிலைதான் கொடுக்கும், மாற்றப் பணமில்லை என்றால் கோலேவுக்குப் போங்கள், அசையாத உறுப்புகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதயம்தான் இலக்கு என்றால் கோலேவை எடுக்கவே வேண்டாம், ஐந்து மைக்ரோ விநாடிச் சிர்ப் போதும். பார்க்கரை வகுப்பில் சொல்லிக்கொடுக்கவும், ஃபில்டர் புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று சரிபார்க்கவும் வைத்துக்கொள்ளலாம்.

சோதிக்க விலை உயர்ந்த ஃபேன்டம் இல்லையே என்று நிற்க வேண்டாம். நோன்பு மாதத்தில் மண்ணடிக் கடைகளில் கிடைக்கும் கடற்பாசி, அதுதான் அகர், அதோடு கிராஃபைட் பொடியும், ஒலி வேகத்தை 1540க்குக் கொண்டுவரக் கொஞ்சம் புரோபனாலும் சேர்த்தால் திசு மாதிரியே நடந்துகொள்ளும் கட்டி தயார். கிராஃபைட்டைக் கூட்டிக் குறைத்து 0.5இல் ஒன்று, 0.7இல் ஒன்று என்று இரண்டு செய்யுங்கள். மெல்லிய தூண்டில் நைலான் நரம்பை ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் குறுக்கே கட்டிவிட்டு ஊற்றினால் நுணுக்கம் அளக்கலாம். கிராஃபைட் கலக்காத அகர் உருளை ஒன்றை உள்ளே புதைத்தால் அதுதான் உங்கள் பித்தப்பை. சைட்லோப் எவ்வளவு என்பதை நரம்பில் அளப்பதை விட, அந்த உருளைக்குப் பின்னால் ஒரு ஸ்டீல் தகட்டை வைத்து, உள்ளே கறுப்பு எவ்வளவு கறுப்பாக நிற்கிறது என்று பாருங்கள், டாக்டர் பார்க்கப்போவது அதைத்தான். மனிதர் மேல் வைப்பதற்கு எதிக்ஸ் கமிட்டி அனுமதி வேண்டும். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படி பதிவில்லாத இடத்துக்கு ஸ்கேன் மெஷினை விற்பதோ, வாடகைக்கு விடுவதோ, சும்மா கொடுப்பதோ கூடாது என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மெஷினை லேபுக்கு இரவல் வாங்கும் யோசனையையும் விட்டுவிட்டு, பதிவுள்ள மருத்துவமனையோடு சேர்ந்தே அந்தப் பகுதியைச் செய்யுங்கள். அங்கே போகும்போது சுருக்குவதற்கு முந்தைய டேட்டாவை முழுதாகச் சேமித்துக்கொண்டு வாருங்கள், விண்டோவை எத்தனை முறை மாற்றிப் பார்த்தாலும் யாரையும் மறுபடி படுக்கவைக்க வேண்டியிருக்காது.